இடது கைக்குச் சிவப்பு மூடி

— நீல மூடி டியூப் மட்டும்தாம்மா இருக்கு. சிவப்பு மூடி எங்கே?

— வீட்டுல மறந்து வச்சிட்டு வந்துட்டேன் டாக்டர்.

— உங்க கைப்பை வாயைப் பிளந்துக்கிட்டுக் கிடக்கு. சிவப்பு மூடி எட்டிப் பார்க்குது.

— அட, என்ன கண்ணு டாக்டர் உங்களுக்கு! சரி, இருக்கு. பிதுக்கினா ஒரு விரல்நுனிக்குத் தேறும். அதைக்கூட வாங்கி அந்தக் கம்பெனிக்காரங்க என்ன பண்ணப் போறாங்க?

— எரிச்சிடுவாங்க.

— எரிக்கிறதுக்கா என்கிட்டயிருந்து பிடுங்கறீங்க?

— நான் பிடுங்கலைம்மா. ஆராய்ச்சி முடிஞ்சா கொடுத்ததையெல்லாம் திருப்பி அனுப்பியாகணும். சேர்றப்பவே சொல்லித்தானே சேர்த்தேன்.

— சொன்னீங்க. அப்ப இது இப்படி வேலை செய்யும்னு யார் கண்டா?

— கையைக் காட்டுங்க. சட்டைக் கையை மேல ஏத்துங்க.

— ஏத்தறதுக்கு எங்கே இருக்கு? அரைக்கைச் சட்டை போட்டுக்கிட்டு வந்து உங்க முன்னாடி உட்கார்ந்திருக்கேன், நீங்க கவனிக்கவே இல்லையே! முன்னாடியெல்லாம் எவ்வளவு வெயிலடிச்சாலும் முழுக்கைதான் எனக்கு. முடி வெட்டறவளுக்கு முழுக்கைன்னா என்னன்னு தெரியுமா? வெட்டின முடியெல்லாம் உள்ள போய் ஒட்டிக்கும். ஏற்கெனவே அரிக்கிற இடம், அதுல அது வேற குத்தும்.

— ரெண்டு முழங்கையும் நல்லா இருக்கு. செதில் இல்லை. லேசா சிவப்பு, அவ்வளவுதான்.

— இருக்காதா பின்ன? முதல் நாளே சொன்னீங்களே, 'இந்தத் தோலை வெறுக்காதீங்க, சுரண்டாதீங்க, பெத்த பிள்ளை மாதிரி பார்த்துக்குங்க'ன்னு. என்கிட்ட அப்படி ஒருத்தரும் பேசினதில்லை டாக்டர். பஸ்ஸுல அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போனேன்.

— அது எல்லார்கிட்டயும் சொல்றதுதாம்மா.

— எல்லாரும்தான் கேட்டுக்கிட்டோம். என்ன டாக்டர், முகமே சரியில்லை?

— ஒண்ணு சொல்லணும்.

— கடையில எப்ப கிடைக்கும்னுதானே? சொல்லுங்க, முதல் ஆளா வந்து நிக்கிறேன்.

— கிடைக்காதும்மா.

— விளையாடாதீங்க.

— போன வாரம் முடிவு வந்துச்சு. இந்த மருந்துல பிரயோஜனம் இல்லைன்னு சொல்லிட்டாங்க. கம்பெனி கைகழுவிடுச்சு. தயாரிச்ச இடத்தையே மூடியாச்சு.

— பிரயோஜனம் இல்லையா? இதோ இருக்கே என் கை! இதை வெட்டி அனுப்பி வைங்க, நல்லாப் பார்க்கட்டும்! டாக்டர், எங்க பார்லர்ல சுவர் அளவுக்குக் கண்ணாடி. வந்து உட்கார்றவங்க அவங்க முகத்தைப் பார்க்கணுமா இல்லையா? தலை கழுவ நான் முழுக்கையை ஏத்தினதும் கண்ணாடியில என் முழங்கையைத்தான் பார்ப்பாங்க. நான் கத்தரியை எடுத்தாப் போதும், தோள் சுருங்கும். இது ஒட்டுவாரொட்டி இல்லைங்கன்னு நான் சொல்லணும். 'ஐயோ, நாங்க அப்படியெல்லாம் நினைக்கலைங்க'ன்னு அவங்க சொல்லணும். அடுத்த தடவை பக்கத்து நாற்காலிக்குப் போயிடுவாங்க. முதலாளியம்மா நல்லவங்க. நல்லவங்களா இருந்துக்கிட்டேதான் என்னைப் பின்னாடி ரூம்ல துண்டு துவைக்க அனுப்பினாங்க. போன மாசம்தான் எனக்கு நாற்காலி திரும்பி வந்துச்சு.

— தெரியும்மா.

— செதில் திரும்ப வந்துடுமா?

— மருந்து நின்னுட்டா… கொஞ்ச நாள்ல வரலாம்.

— வரலாம்னா வரும்னு அர்த்தம். டாக்டருங்க பாஷை எனக்கும் அத்துப்படி. உங்க அண்ணனுக்கும் உடம்பு முழுக்க இதுதான்னு சொன்னீங்களே. அவருக்காவது முன்னாடியே ரெண்டு டியூப் கொடுத்து வச்சீங்களா?

— சொந்தக்காரங்களைச் சேர்க்கக் கூடாது. அது விதி.

— யாருக்குத் தெரியப் போகுது?

— எனக்குத் தெரியுமே. கடைக்கு வந்ததும் முதல் டியூப் உனக்குத்தான்னு சொல்லி வச்சிருந்தேன். அவன் இன்னும் விளக்கை அணைச்சிட்டுத்தான் சட்டை மாத்தறான். போன வாரத்துல இருந்து அவன் போன் பண்ணா நான் எடுக்கறதில்லை. …தண்ணி குடிக்கிறீங்களா?

— வேண்டாம். எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. ஏன் பிரயோஜனம் இல்லைன்னாங்க?

— ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு டியூப் கொடுத்தோம். சிவப்பு மூடி இடது கைக்கு, நீல மூடி வலது கைக்கு. ரெண்டுல ஒண்ணுதான் மருந்து. இன்னொண்ணு வெறும் களிம்பு. யாருக்கு எதுல மருந்துன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

— ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பு.

— அப்படித்தான் வச்சுக்குங்க. மருந்து போட்ட கை ஆறி, களிம்பு போட்ட கை அப்படியே கிடந்தா, மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். முதல் மாசம் அப்படித்தான் இருந்துச்சு. சந்தோஷத்துல எனக்குச் சோறு இறங்கலை. அடுத்த மாசத்துல இருந்து ரெண்டு கையும் ஆற ஆரம்பிச்சுது. உங்களுக்கு மட்டும் இல்லை, முக்கால்வாசிப் பேருக்கு. கடைசியில பார்த்தா ரெண்டு கைக்கும் வித்தியாசமே இல்லை.

— ரெண்டு கையும் ஆறினா நல்லதுதானே டாக்டர்?

— உங்களுக்கு நல்லது. மருந்துக்குச் சாவு. வெறும் களிம்புக்கே ஆறுதுன்னா மருந்து எதுக்குன்னு கேட்கறாங்க. என்ன பதில் சொல்ல? என் தலை நரைச்சதே இந்த மருந்துலதான்.

— …

— ஏம்மா திடீர்னு பேச்சையே காணோம்?

— ஒண்ணுமில்லை. வகிட்டுல நரை தெரியத்தான் செய்யுது. ஒரு நாள் வாங்க, நுனி வெட்டிச் சாயம் போட்டு விடறேன்.

— பேச்சை மாத்தறீங்க.

— அந்தத் தண்ணியைக் கொடுங்க டாக்டர். தொண்டை காயுது.

— மேடம், உள்ள வரலாமா? கண்டக்டர் வந்திருக்கேன். ரைட்டு, தங்கச்சியும் இங்கதான் இருக்கா!

— கண்டக்டரண்ணே, கொஞ்சம் அப்புறமா வாங்க.

— ஏன், நான் என்ன டிக்கெட் எடுக்காமலா ஏறிட்டேன்? இந்தாங்க மேடம், என் டியூப் ரெண்டும். சிவப்பு, நீலம், ரெண்டும் சமமா காலி. தராசுல வச்சுப் பாருங்க, ரைட்டா இருக்கும்.

— டியூபை நான் எடை போடறது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அண்ணே, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க.

— அட, இதுல என்ன தங்கச்சி ரகசியம்? எடை குறையலைன்னா ஏன் தடவலைன்னு மேடம் கேட்பாங்கள்ல? அதுக்காகத்தானே ஆகாத டியூபைக் குதிகால்ல தேய்ச்சுத் தீர்த்தோம். என் குதிகாலைப் பாருங்க மேடம், பளிங்கு! சம்சாரமே பொறாமைப்படறா.

— எங்கே தேய்ச்சீங்க?

— குதிகால்ல. சிலபேர் முழங்கால்ல. எங்கேயாவது தீர்க்கணுமே?

— எது ஆகாத டியூப்னு உங்களுக்கு யார் சொன்னது?

— கைதான் மேடம் சொல்லுச்சு. ஒரு மாசத்துல ஒரு கை மெத்துன்னு ஆயிடுச்சு, இன்னொரு கை மரப்பட்டை மாதிரி அப்படியே கிடந்துச்சு. வெளிய பெஞ்சுல வரிசையா உட்கார்ந்து கையை நீட்டி ஒத்துப் பார்த்தோம். எனக்கு நீலம் வேலை செஞ்சுச்சு, தங்கச்சிக்குச் சிவப்பு. அவங்கவங்க நல்ல டியூபை ரெண்டு கைக்கும் பாதிப் பாதியா, மெலிசா இழுத்துத் தடவிக்கிட்டோம். பெஞ்சு முழுக்க ஒரே வண்டி மேடம், ஒரே ரூட்டு. ஒருத்தரும் நடுவுல இறங்கலை. ரைட்டு… மேடம், ஏன் இப்படிப் பார்க்கறீங்க? தங்கச்சி, நீ ஏன் அழறே? நான் ஏதாவது தப்பா உளறிட்டேனா?

— உட்காருங்கண்ணே. நாம பண்ணின வேலையில கம்பெனி மருந்தையே கைவிட்டுடுச்சு.

— மருந்து வேலை செஞ்சிருக்கு.

— அதைத்தானே மேடம் நானும் சொல்றேன்!

— பாதி அளவுலயே வேலை செஞ்சிருக்கு.

— அப்ப எழுதிப் போடுங்க டாக்டர்! இப்பவே எழுதுங்க. இப்படித்தான் நடந்துச்சுன்னு பெஞ்சுல இருந்த அத்தனை பேரையும் கூட்டிட்டு வந்து சொல்ல வைக்கிறேன்.

— எழுதத்தான் போறேன். எழுதினா என்ன ஆகும் தெரியுமா? ஆராய்ச்சி கெட்டுப்போச்சுன்னு எல்லாத்தையும் தூக்கிக் குப்பையில போடுவாங்க. மருந்து நல்லதுன்னு அதனால ஆகிடாது. முதல்ல இருந்து திரும்பச் செய்யணும். செய்யறதுக்கு மருந்து வேணும். மருந்துதான் இல்லையே.

— எழுதாம விட்டா?

— உதவாத மருந்துன்னு பேர் வாங்கிக்கிட்டுச் சாகும்.

— மேடம், வேற கம்பெனி ஏதாவது… இந்த பஸ் போனா அடுத்த பஸ்ஸுன்னு ஒண்ணு இருக்குமே?

— தோத்த மருந்தை யாரும் தொட மாட்டாங்க.

— நான் வெளிய பெஞ்சுல இருக்கேன் மேடம். இன்னும் ரெண்டு பேர் டியூபோட வந்திருக்காங்க. அவங்ககிட்ட என்ன சொல்ல?

— எனக்குத் தெரியலை. நீங்களே ஏதாவது சொல்லுங்க.

— ரைட்டு மேடம். …ரைட்டு.

— டாக்டர், இந்தாங்க சிவப்பு டியூப். நான் ஒளிச்சிருக்கக் கூடாது.

— வச்சுக்குங்கம்மா. இனிமே எதை எடை போட்டு என்ன ஆகப் போகுது?

— ரெண்டு வார்த்தை திட்டிடுங்க.

— திட்டி? …ஒவ்வொரு தடவையும் கேட்டேனேம்மா. சொன்ன கைக்குச் சொன்ன டியூபைத்தானே போடறீங்கன்னு வாய் வலிக்கக் கேட்டேன். ஆமாம் ஆமாம்னு தலையாட்டினீங்க. உங்களுக்கு மட்டும் இல்லை, பெஞ்சு மொத்தத்துக்கும் அப்படி என்னதான் தோணுச்சு? யார் இந்த யோசனையைக் கொடுத்தது?

— நீங்கதான் டாக்டர்.

— நானா?

— பெத்த பிள்ளை மாதிரி பார்த்துக்குங்கன்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்களே. ரெட்டைப் பிள்ளையில ஒண்ணுக்கு மட்டும் ஊட்டிட்டு இன்னொண்ணு பார்த்துக்கிட்டே இருக்கட்டும்னு விட, எங்க யாருக்கும் மனசு வரலை.