ஆறாவது படம்

எட்டுப் பாம்புகளையும் செய்து முடிக்க எனக்கு மூன்று மணி நேரம் நாற்பது நிமிடம் ஆனது. அதில் ஐம்பது நிமிடம் கரண்ட் இல்லை. அதைக் கழித்தால் ஒரு பாம்புக்கு இருபத்தோரு நிமிடம் வருகிறது.

மேடம், போலீஸ் ஸ்டேஷனில் நீங்கள் கேட்டபோது நான் சரியாகப் பேசவில்லை. பள்ளியிலிருந்தே நான் அப்படித்தான். விடை தெரிந்தாலும் கை தூக்கமாட்டேன். நீங்கள் அதைப் புரிந்துகொண்டு, "வீட்டுல உக்காந்து நிதானமா எழுதிக் கொண்டாம்மா" என்று படிவத்தைக் கொடுத்து அனுப்பினீர்கள். அதற்கு நன்றி. படிவத்தில் இடம் போதாததால் தனித்தாளில் எழுதுகிறேன்.

என் பெயர் ஜெஸ்லின். வயது இருபத்து நான்கு. எம்.எஸ்சி. விலங்கியல். சங்கரன்கோவிலில் சாம்ராஜ் சார் நடத்தும் தொண்டு நிறுவனத்தில் பதினோரு மாதமாக வேலை பார்க்கிறேன். நோட்டீஸ், போஸ்டர், ஆண்டறிக்கை எல்லாம் என் பொறுப்பு. படங்களை ஏ.ஐ.யில் செய்வேன். என்ன வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் அது செய்து தந்துவிடும். எங்கள் ஆண்டறிக்கையில் மரக்கன்று நடும் மாணவர்களும், வரிசையாகக் கை கழுவும் குழந்தைகளும் அப்படி வந்தவர்கள்தான். அவர்கள் யாரும் எந்த ஊரிலும் இல்லை. அதனால் யாருக்கும் நஷ்டமும் இல்லை.

மழைக்காலத்துக்கு முன்னால் சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஒட்டுவதற்கு ஒரு பாம்பு போஸ்டர் வேண்டும் என்று சார் சொன்னார். மேல் வரிசையில் விஷமுள்ளவை நான்கு. கீழ் வரிசையில் விஷமற்றவை நான்கு. நிஜப் புகைப்படங்களைத்தான் முதலில் தேடினேன். அப்படித்தான் உச்சிமாகாளி அண்ணாச்சியைப் போய்ப் பார்த்தேன். அவர் திருவேங்கடம் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். யார் வீட்டில் பாம்பு புகுந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பிடித்ததும் ஒரு படம் எடுத்துக்கொண்டு, மலையடிவாரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார். அவருடைய போனில் முந்நூறு படங்களுக்கு மேல் இருந்தன.

"டீச்சரம்மா, எல்லாத்தையும் எடுத்துக்கிடுங்க. துட்டு ஒண்ணும் வேண்டாம்," என்றார். நான் டீச்சர் இல்லை. திருத்தக் கூச்சமாக இருந்தது. "கீழ எம்பேரை மட்டும் பொடிசாப் போட்டு விடுங்க. எங்க வீட்டுக்காரி பாம்போட சேத்து என்னையும் வெளிய தள்ளுதா. பேரைப் பாத்தாவது கொஞ்சம் மதிப்பா."

அவருடைய படங்கள் நல்ல படங்கள் இல்லை. சாரை பெயிண்ட் வாளிக்குள் சுருண்டு கிடந்தது. கட்டுவிரியன் முறுக்கு டப்பாவுக்குள் இருந்தது. சுருட்டை விரியனுக்குப் பக்கத்தில், அளவு தெரிவதற்காகத் தன் செருப்பைக் கழற்றி வைத்திருந்தார்.

சாம்ராஜ் சார் பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்னம்மா இது, பாம்பு படமா, பக்கெட் படமா? இந்தச் செருப்பு எந்த வரிசையில வருது, விஷமுள்ளதா, இல்லாததா?"

எனவே ஏ.ஐ.யிடம் போனேன். அண்ணாச்சியின் படங்களை மாதிரிக்குக் கொடுத்து, பின்னணி வெள்ளையாக, உடல் முழுவதும் தெரியும்படி கேட்டேன். ஒவ்வொரு செதிலும் பளபளவென்று வந்தது. சார் திரையை நெருங்கிப் பார்த்துவிட்டு, "ஜெஸ்லின், நீ இங்கன இருக்க வேண்டிய ஆளே இல்ல," என்றார். வேலையில் என்னை ஒருவர் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

படங்களைப் பெரிதாக்கச் சொன்னார். பெரிதாக்கியதில், எந்தப் பாம்பு கடித்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று நான் எழுதியிருந்த வரிக்கு இடமில்லாமல் போயிற்று. என் போன் நம்பருக்கு இடம் இருந்தது. சந்தேகம் இருந்தால் படம் எடுத்து இந்த எண்ணுக்கு அனுப்பவும் என்று போட்டோம். ஓரத்தில் "படங்கள்: உச்சிமாகாளி" என்றும் போட்டேன். அவர் எடுத்த படங்கள் இல்லைதான். ஆனாலும் அவர் ஆசைப்பட்டுக் கேட்டிருந்தார். ஊரில் அவர் பெயருக்கு ஒரு நம்பிக்கையும் இருந்தது.

ஆறாவது படத்தைப் பற்றி நீங்கள் தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். அது விஷமற்ற வரிசையில் இரண்டாவது. கீழே வெள்ளிக்கோல் வரையன் என்று பெயர் இருக்கும். வெள்ளிக்கோல் வரையனுக்கும் கட்டுவிரியனுக்கும் உடம்பில் வெள்ளைப் பட்டைகள் உண்டு. வரையனுக்குப் பட்டை கழுத்திலேயே தொடங்கி, வாலுக்குப் போகப் போக மங்கும். கட்டுவிரியனுக்குத் தலையிலிருந்து நான்கு விரல் தள்ளித்தான் பட்டை தெளிவாகத் தொடங்கும், பெரும்பாலும் இரண்டிரண்டாக, வால்வரை போகும். ஏ.ஐ.க்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை. அது வரையனின் பெயரில் ஒரு கட்டுவிரியனைச் செய்து கொடுத்துவிட்டது. இது இயந்திரத்தின் பிழை. அதை முதலிலேயே பதிவு செய்துவிட விரும்புகிறேன்.

அந்தப் பிழை எனக்கு எப்போது தெரியும் என்பது உங்கள் அடுத்த கேள்வி. படம் வந்தவுடனே தெரியும். மேடம், நான் விலங்கியல் படித்தவள்.

உடனே திருத்த முயன்றேன். நான்கு தடவை மாற்றிக் கேட்டேன். பட்டை சரியாக வந்தால் தலை தவளை மாதிரி வந்தது. அதற்குள் சார், "அந்த முதல்ல வந்த ஆறாவதே இருக்கட்டும், அந்தக் கண்ணு அழகா இருக்கு," என்றார். அவர் சொன்னது உண்மை. நான் அப்போது ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். போஸ்டரைப் பார்ப்பவர்களில் எத்தனை பேருக்குக் கட்டுவிரியன் எதிர்ப்படும்? எதிர்ப்பட்டவர்களில் எத்தனை பேரைக் கடிக்கும்? கடிபட்டவர்களில் எத்தனை பேர் போஸ்டரோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்? மிகச் சிறிய எண்ணாக வந்தது. சாரின் முகத்தில் இருந்த சந்தோஷம் என் கண்ணெதிரே இருந்தது. நானூறு பிரதி அச்சாயிற்று. ஒரு பெரிய அதிகாரி வந்து வெளியிட்டார். எனக்கு ஒரு சால்வை போட்டார்கள். வாட்ஸ்அப் குழுக்களிலும் போஸ்டர் போயிற்று.

மூன்றாம் நாள் உச்சிமாகாளி அண்ணாச்சி எனக்கு போன் செய்தார். அதில் படம் தப்பு என்று எச்சரித்ததாக அவர் உங்களிடம் சொன்னதும், அதற்குச் சாட்சி இல்லை என்று நீங்கள் சொன்னதும் எனக்குத் தெரியும். அவர் சொன்னது சரிதான்.

"டீச்சரம்மா, ரேஷன் கடைகிட்ட நிக்கேன். எம்பேரு போட்டிருக்கு, சந்தோஷம். ஆனா இதுல ஒண்ணுகூட நான் எடுத்தது இல்லையே. நான் பிடிச்ச பாம்பு எதுவும் இப்படி பவுடர் போட்டுட்டு வந்ததில்ல." சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்த ஆறாவது வரையன் இல்ல தாயி. கட்டுவிரியன்லா. எவனாவது நம்பிக் கையில பிடிச்சிட்டு நிக்கப் போறான். எடுக்கச் சொல்லுங்க."

"சார்கிட்ட சொல்லுதேன் அண்ணாச்சி," என்றேன்.

அவர் நான்கு நாள் பொறுத்துப் பார்த்தார். பிறகு கறுப்பு பெயிண்டும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு, டவுனில் கைக்கெட்டிய போஸ்டர்களில் எல்லாம் ஆறாவது படத்தை அழித்தார். சாம்ராஜ் சார் அவரை ஆபீசுக்கு வரவழைத்தார்.

"என்ன வே, அதிகாரி வெளியிட்ட போஸ்டர்ல பெயிண்ட் அடிச்சிட்டு வாரீரு? துட்டு தரலன்னு வயித்தெரிச்சலா?"

"துட்டு யாரு கேட்டா சார்? அது தப்பான படம். இந்தப் பிள்ளைகிட்ட அன்னைக்கே சொன்னேன். கேட்டுப் பாருங்க."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஆண்கள் சத்தமாகப் பேசும் இடத்தில் எனக்குக் குரல் வராது.

"என்னம்மா?" என்றார் சார்.

"எனக்குத் தெரியல சார்," என்றேன்.

உச்சிமாகாளி அண்ணாச்சி "சரி தாயி," என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அதன்பின் நான் எதிர்ப்பட்டாலும் அவர் டீச்சரம்மா என்று கூப்பிடுவதில்லை.

போஸ்டரில் இருந்த நம்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிறையப் படங்கள் வந்தன. பழைய கயிறு, சைக்கிள் டியூப், மண்புழு. ஒரு தடவை இடுப்பு பெல்ட்டுகூட வந்தது. எல்லாவற்றுக்கும் பதில் போட முடியாது. பார்த்துவிட்டுப் பதில் போடவில்லையே என்று யாராவது கேட்டால் எனக்குச் சங்கடமாக இருக்கும். அதனால், நான் பார்த்தாலும் நீல டிக் விழாதபடி போனில் மாற்றி வைத்திருந்தேன். என்னைப் போன்றவர்கள் பலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

வள்ளித்தாய் அக்காவை நான் நேரில் பார்த்ததில்லை. பனவடலிசத்திரம் பக்கம் ஒரு மல்லித் தோட்டத்தில் பூப்பறித்துக்கொண்டிருந்தார். விடியும் முன்பே நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்களாம். அன்று ஐந்து மணிக்கு அவருடைய கணுக்காலில் ஏதோ பட்டது. செடியடியில் பாம்பு கிடந்தது. அவருடைய வீட்டுக்காரர் துரைப்பாண்டி அண்ணன் போனில் இருந்த போஸ்டரோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "ஏட்டி, ஆறாவது படத்துல இருக்கது. ஒண்ணுஞ் செய்யாது. நம்ம உச்சிமாகாளி எடுத்த படம்லா," என்று சொல்லியிருக்கிறார். அக்கா ஏழு மணிவரை பூப்பறித்தார். வீட்டுக்கு வந்து வயிறு வலிக்கிறது என்று படுத்தார். பத்தரை மணிக்கு இமையைத் தூக்க முடியவில்லை. எச்சில் விழுங்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் காலைப் பார்த்ததும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, ஏன் இவ்வளவு நேரம் என்பதுதான். பன்னிரண்டு மணிக்கு முன்பே உயிர் போய்விட்டது.

மறுநாள் துரைப்பாண்டி அண்ணனும் அவருடைய தம்பிமாரும் வெல்டிங் பட்டறைக்குப் போனார்கள். உச்சிமாகாளி அண்ணாச்சியின் வலது கை இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. அடித்தது அவருடைய பட்டறையில் கிடந்த பைப்பால்தான்.

இப்போது வழக்கு அவர் மேல் வருகிறது. போஸ்டரில் அவர் பெயர் இருக்கிறது. அதைவிட, பெயிண்ட் அடித்ததால் படம் தப்பு என்று அவருக்குத் தெரியும் என்பது நிரூபணமாகிவிட்டது என்று நீங்கள் சொன்னீர்கள். தர்க்கத்தில் பிழை இல்லை. தப்பு என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர். பெயிண்ட் வாங்கியவர் ஒருவர்தான்.

வள்ளித்தாய் அக்காவின் அஞ்சலி பேனரையும் நான்தான் செய்தேன். வாக்காளர் அட்டையைத் தவிர அவருக்கு வேறு படம் இல்லை. அதைக் கொடுத்து, ஏ.ஐ.யில் நல்ல புடவையும் கொஞ்சம் சிரிப்பும் வைத்தேன். பன்னிரண்டு நிமிடம் ஆனது. துரைப்பாண்டி அண்ணன் பேனரைப் பார்த்தார். "நல்லா இருக்கும்மா. ஆனா இது அவ இல்லையே," என்றார். எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

படிவத்தில் கடைசியாக ஒரு கட்டம் இருக்கிறது: வேறு ஏதேனும் தெரிவிக்க விரும்பினால். இதுவரை நான் பொய் எதுவும் எழுதவில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். உச்சிமாகாளி அண்ணாச்சியின் கை முறிந்த செய்தி கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். அதனால் இந்தக் கட்டத்தையும் காலியாக விடவில்லை.

வள்ளித்தாய் அக்காவின் போனிலிருந்து அன்று காலை 5.12-க்கு என் நம்பருக்கு ஒரு படமும் செய்தியும் வந்திருப்பதை நீங்களே கண்டுபிடித்தீர்கள். "இது ஆறாவது படம்தானம்மா. கால்ல லேசா பட்டிருக்கு. வலி இல்ல. பூப்பறிக்கலாமா, ஆஸ்பத்திரி போணுமா." டிக் இரண்டும் சாம்பல் நிறத்திலேயே இருந்தன. நீங்கள் என்னைப் பார்த்து, "அந்நேரம் தூங்கிட்டு இருந்திருப்பே," என்று சொல்லிக்கொண்டே எழுதினீர்கள். ஓர் அதிகாரி எழுதிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேச எனக்கு வராது.

நான் தூங்கவில்லை மேடம். 5.13-க்கு அந்தப் படத்தைத் திறந்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். தலையிலிருந்து நான்கு விரல் தள்ளி, இரண்டிரண்டாகப் பட்டைகள். என் ஆறாவது படம் எவ்வளவு சரியாக வந்திருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு "கட்டுவிரியன், உடனே ஆஸ்பத்திரி போங்க" என்று அடித்தேன். அனுப்பினால் ஆறாவது படம் தப்பு என்பது என் எழுத்தில் இருந்துவிடும். அழித்துவிட்டேன்.