செங்கல் வைக்காத மூலை

தேநீரை மேஜை மேலேயே வையுங்கள் ஐயா, பரவாயில்லை. மேலே பதித்திருப்பது பீங்கான் டைல். சூடும் தாங்கும், கறையும் பிடிக்காது. கால்கள் தேக்கு. டென்மார்க்கில் செய்தது. வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெளிநாட்டு இன்ஜினியரிடம் அப்பா ஆசைப்பட்டு வாங்கினார்.

இத்தனை வருஷமாக இதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டவள் நான். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்த பிறகு, அப்பாவைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டுப் பார்த்துக்கொண்டவளும் நான்தான். எனக்கு வந்த வரன்களெல்லாம் வந்த வழியே போயின. அதைக் குறையாகச் சொல்லவில்லை.

நீங்கள் உட்கார்ந்திருக்கும் சோபா தாழ்வு. வலது கையை இதோ இந்த மூலை டைலில் ஊன்றித்தான் அப்பா எழுவார். ஊன்றி ஊன்றி அது அடிக்கடி பெயர்ந்துவிடும். நான் பசை தடவிப் பதித்து, காயும்வரை மேலே ஒரு செங்கல் வைப்பேன். செங்கல் இருந்தால் எனக்காகக் காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தாராளமாக ஊன்றலாம். எங்கள் இருவருக்குள் அப்படி ஓர் ஏற்பாடு. கண் மங்கிய பிறகு தடவிப் பார்த்துக்கொள்வார். ஒரு நாளும் மீறியதில்லை.

போன மாதம் தம்பி வந்தான். மேஜையைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தான். "சும்மா சொல்லக் கூடாதுக்கா, பளபளன்னு தொடச்சு வெச்சிருக்கே" என்றான், வேலைக்காரியிடம் சொல்வதுபோல. அப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

"நீயே எடுத்துக்கோப்பா. உன் வீட்டுலதான் இது எடுப்பா இருக்கும். இவளுக்கு எதுக்கு இதெல்லாம்? ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போதும்."

எனக்கு வயிறு எரிந்தது. அதைப் பூசி மெழுக விரும்பவில்லை. ஆனாலும் சிரித்த முகமாகத்தான் தம்பிக்குக் காப்பி கொடுத்தேன்.

மறுவாரம் டைல் மறுபடி பெயர்ந்தது. பழைய பசையைச் சுரண்டினேன். புதிதாகத் தடவவில்லை. டைலை வெறுமனே பொருத்தி வைத்துவிட்டு, செங்கல்லைப் பின்கட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்த் துணி துவைக்க ஆரம்பித்தேன். அவ்வளவுதான். நான் அவரைத் தள்ளவில்லை, தொடக்கூட இல்லை.

சத்தம் கேட்டு வந்து பார்த்தேன். டைல் வழுக்கியிருந்தது. அப்பாவின் நெற்றிப்பொட்டு மேஜையின் மரச்சட்டத்தில் மோதியிருந்தது. நினைவு இருந்தது.

"பெரியவளே, செங்கல் இல்லையேம்மா" என்றார். கோபமாக இல்லை. தான்தான் சரியாகத் தடவிப் பார்க்கவில்லையோ என்று கேட்பதுபோல.

முதலில் டைலை எடுத்துப் பார்த்தேன். கீறல்கூட இல்லை. பசை கலந்து, மூலை பிசகாமல் பதித்து, மேலே செங்கல்லை வைத்தேன். நன்றாக இறுகிய பிறகுதான் ஆம்புலன்சுக்குச் சொன்னேன். அதற்குள் அப்பா பேச்சையும் மூச்சையும் நிறுத்தியிருந்தார்.

ஸ்டேஷனுக்குக் கிளம்பலாமா? பார்த்து எழுந்திருங்கள் ஐயா. செங்கல் இல்லை பாருங்கள், தைரியமாகக் கையை ஊன்றுங்கள். என்னை நம்பி ஊன்றியவர்கள் யாரும் இந்த வீட்டில் விழுந்ததில்லை.