அடுத்த பாத்தி

"வரம்பில நண்டுப் பொந்தக் கண்டா, அத அடைச்சிட்டுச் சும்மா போவீங்களா? தண்ணி அடுத்த பாத்திக்குப் போயிருக்கா எண்டு பார்க்கமாட்டீங்களா?"

புத்தளத்திலிருந்து கொழும்புக்குப் போகும் பஸ்ஸில், முன் இருக்கைப் பெண் தன் கணவரிடம் கேட்டார். உப்பளக் கதை என்றுதான் முதலில் நினைத்தேன்.

"அது வரம்பு, புள்ள. இது என்ட குடல். கட்டி பட்டாணி அளவுதான். கமெரா விட்டு எடுத்தும் போட்டாங்க."

"சின்னக் கட்டி அனேகமாப் பரவாதாம். ஆனா உங்கட கட்டி ரத்தக் குழாய்க்குள்ளயும் போயிருந்திச்சாம். பக்கத்து நெறிக்கட்டியளுக்குப் பரவியிருக்கா எண்டு ஸ்கேன் எடுத்துப் பார்க்கத்தான் வேணும் எண்டு டொக்டர் சென்னாருதானே?"

"ஊரெல்லாம் மூலம் எண்டு செல்லி வெச்சிருக்கன். ஸ்கேன் எதுக்கு எண்டு கேப்பாங்க."

"கேக்கட்டும். சின்னப் பொந்துதானே எண்டு விட்டு, போன வருஷம் மூணு பாத்தி உப்பு கரைஞ்சு போன. மறந்திட்டீங்களா?"

சிலாபம் தாண்டியதும் கணவருடைய போன் அடித்தது.

"ஓம் மச்சான், பஸ்லதான். மூலமா?"

மனைவியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு பஸ் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்:

"மூலமில்ல மச்சான். குடல்ல புற்றுக்கட்டி. அத எடுத்தாச்சு. இப்ப அடுத்த பாத்தியப் பார்க்கப் போறம்."