மூன்று பிரதிகளும் சரியாக இருந்தன

கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்ப்பதில் ஒரு சௌகரியம் உண்டு, ஐயா. திருநெல்வேலி வெயிலுக்கு அங்கே ஏ.சி. இருக்கும். எங்கள் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, ஆக மொத்தம் இரண்டே ஏ.சி. முதலாளி டாக்டர் அப்பாத்துரையே மின்விசிறிக்குக் கீழேதான் உட்கார்ந்திருப்பார். ஆறு வருஷத்தில் அந்தக் குளிர்ச்சி என் தலைக்கு ஏறிவிட்டது என்று என் மனைவி சொல்வாள். உங்கள் ஸ்டேஷனில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு இதை எழுதும்போது அவள் பேச்சில் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

மேலப்பாளையம் ஆசியா உம்மாள் ஒரே ஊசியில் எப்படி இறந்தார் என்று கேட்டீர்கள். ஊசி போட்ட ஜேசுதாசனையும், கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றும் முப்பிடாதியையும் இரண்டு நாளாக வரவழைத்து விசாரிக்கிறீர்கள். இரண்டு பேரும் ஒன்றும் செய்யவில்லை. செய்தவன் வெங்கட்ரமணனாகிய நான். எனக்குத்தான் டீ வாங்கிக் கொடுத்து நாற்காலி போட்டிருக்கிறீர்கள்.

எங்களுக்கு வண்ணார்பேட்டையில் பெரிய ஆஸ்பத்திரி, மேலப்பாளையத்திலும் நாங்குநேரியிலும் கிளைகள். நோயாளிகளின் பதிவேடு முழுவதும் மூன்று இடத்துக் கம்ப்யூட்டரிலும் பிரதியாக இருக்கும். ஓரிடத்தில் ஏற்றியது மத்தியானம் டெலிபோன் வழியாக மற்ற இரண்டுக்கும் போய்விடும். லைன் செத்துக் கிடந்தால் பிளாப்பியில் எடுத்து, டிபன் டப்பாவுக்குள் வைத்து, நாங்குநேரி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவோம். நோயாளி எந்தக் கிளைக்கு வந்தாலும் பெயரைச் சொன்னால் போதும், பழைய வைத்தியம் எல்லாம் ஒரு சீட்டில் அச்சாகி வந்துவிடும். இந்த ஏற்பாட்டின் முதல் இரண்டு பதிப்பையும் எழுதியவன் நான். சீட்டின் அடியில் என் பெயர் வரும்படியும் எழுதியிருந்தேன். மருந்துச் சீட்டில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளும் அல்பத்தனம் டாக்டர்களுக்கு மட்டும்தான் உண்டா என்ன.

இந்த வருஷம், தொண்ணூற்றாறில், முப்பிடாதி வேலைக்கு வந்தாள். இருபத்து நாலு வயசு. நாலே மாதத்தில் மூன்றாம் பதிப்பை எழுதிவிட்டாள். அதில் புதிதாக ஒரு கட்டம் வைத்தாள்: இன்னாருக்கு இன்ன மருந்து ஒத்துக்காது. அந்தக் கட்டத்தில் ஏதாவது இருந்தால் சீட்டின் தலைப்பிலேயே கொட்டை எழுத்தில் அச்சாகும். பழைய அட்டைகளையும் டாக்டர்களின் ஞாபகத்தையும் கிண்டிக் கிளறி இருநூற்றுப் பதினாலு பேரை அவளே ஏற்றினாள். என் பெயரையும் எடுக்கவில்லை. மேலே என் பெயர், கீழே அவள் பெயர். அந்த மரியாதைதான் எனக்கு ஆகவில்லை.

ஆயுத பூஜை அன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து (பிளாப்பி போடுகிற வாயிலும் யாரோ சந்தனம் அப்பியிருந்தார்கள்) பொரிகடலை கொடுத்துக்கொண்டிருந்தபோது டாக்டர் எல்லாருக்கும் முன்னால் சொன்னார்: "இந்தப் பிள்ளை வந்த பிறவுதான்வே நம்ம கம்ப்யூட்டருக்கு உசிரு வந்திருக்கு." எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். நாற்பத்தோரு வயசுக்காரனுக்கு ஒரு சின்னப் பெண்மேல் வயிறு எரிந்தது என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் எரிந்தது.

மூன்றாம் பதிப்பில் ஒரு குறையும் இருந்தது. பெயரைத் தேட நேரம் பிடித்தது. காலையில் வரிசை வாசல் தாண்டி பஸ் ஸ்டாப் வரைக்கும் நிற்கும். சரிசெய்ய அரை மணி நேர வேலை, எனக்குத் தெரியும். நான் செய்யவில்லை. நவம்பரில் முப்பிடாதி அக்கா கல்யாணத்துக்கு ஒரு வாரம் லீவில் போனபோது டாக்டரிடம், இரண்டாம் பதிப்புக்கே திரும்பிவிடலாம் என்றேன். "ஒண்ணும் கெட்டுப் போவாதே?" என்று கேட்டார். "ஒரு பேரு கூடக் குறையாது" என்றேன்.

குறையவும் இல்லை. அந்த வேலையை அவ்வளவு பதவிசாகச் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று இடத்திலும் புதிதாக எதையும் ஏற்றக் கூடாது என்று போன் போட்டுச் சொன்னேன். பதிவேடு முழுவதையும் பிளாப்பிகளில் பிடித்து பீரோவில் வைத்துப் பூட்டினேன். மூன்று பிரதியும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று ஒத்துப் பார்த்தேன். பிறகு நாங்குநேரியைப் பழைய பதிப்புக்கு இறக்கிச் சோதித்தேன், அடுத்து மேலப்பாளையம், கடைசியில்தான் வண்ணார்பேட்டை. ஒன்று படுத்தாலும் மற்ற இரண்டும் நிற்க வேண்டும் அல்லவா. நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் பெயர், மூன்று இடத்திலும் ஒன்றுபோல நின்றது.

நடுவில் ஒரு காரியம் செய்ய வேண்டியிருந்தது. பழைய பதிப்புக்குப் புதுக் கட்டம் என்றால் என்னவென்றே தெரியாது. அது இருந்தால் பதிவேட்டைத் திறக்கவே திறக்காது. ஆகவே இறக்குவதற்கு முன் அந்தக் கட்டத்தை மூன்று பிரதியிலிருந்தும் நீக்க வேண்டும். நீக்கினேன். நீக்குமுன் இருநூற்றுப் பதினாலு பேரையும் ஐந்து தாளில் அச்சடித்தேன். அதைப் படி எடுத்து மூன்று இடத்திலும் சுவரில் ஒட்டியிருந்தால் வேலை முடிந்தது. ஆனால் என் பதிப்புக்கு ஒரு ஊன்றுகோல் வேண்டியிருக்கிறது என்று மூன்று சுவரும் சொல்லிக்கொண்டிருக்கும். ஐந்து தாளையும் மடித்து என் தோள்பையில் வைத்துக்கொண்டேன்.

முப்பிடாதி லீவு முடிந்து கல்யாண லட்டோடு வந்தாள். அரை மணி நேரத்தில் என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்.

"சார், ஒத்துக்காத மருந்துக் கட்டத்தையே காணல. அந்தப் பேரெல்லாம் எங்க சார் வச்சிருக்கிய?"

"பத்திரமா இருக்கு. மூணு இடத்துக்கும் லிஸ்ட் அனுப்பியாச்சு. நீ உன் வேலையைப் பாரு."

மறுவாரமும் வந்தாள். "நாங்குநேரியில லிஸ்டு வரலன்னு சொல்லுதாங்க சார். நானே கொண்டுபோய்க் குடுத்துட்டு வரட்டா?"

"கண்டக்டர் மறந்திருப்பான். நான் பார்த்துக்கறேன்."

அவள் என்னை நம்பினாள். நேற்று உங்களிடம், அந்தக் கட்டத்தில் அவள் ஆசியா உம்மாள் பெயரை ஏற்றவே இல்லை என்று நான் சொன்னதும் பொய். மே மாதம் வண்ணார்பேட்டையில் அதே ஊசி போட்டு ஆசியா உம்மாளுக்கு மூச்சு நின்றுபோய், பாடுபட்டுப் பிழைக்க வைத்தார்கள். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, முப்பிடாதி ஏற்றிய பெயர் அது. அச்சடித்த முதல் தாளிலேயே இருக்கிறது.

என் பதிப்பில் இன்னொரு விசேஷம், ஐயா. யாருக்கு எப்போது எந்த ஊசி போட்டது என்று சீட்டில் வரிசையாக வரும். போட்ட பிறகு என்ன ஆயிற்று என்று வராது. ஆகவே ஆசியா உம்மாளின் சீட்டில், இந்த ஊசி மே மாதம் போட்டிருக்கிறது என்று மட்டும் வந்தது. முன்பே போட்டு ஒத்துக்கொண்ட ஊசி என்று நினைத்து, சோதனை ஊசி கூட வேண்டாம் என்று கிளை டாக்டர் எழுதிவிட்டுப் போய்விட்டார். காலில் ஆணி குத்திய புண்ணுக்கு ஊசி.

அன்றைக்கு நான் வண்ணார்பேட்டையில் இருந்ததாகச் சொன்னேன். இல்லை. மேலப்பாளையத்தில் பிரிண்டருக்கு ரிப்பன் மாற்றிக்கொண்டிருந்தேன்; ஜேசுதாசன் அப்படிச் சொல்லியும் நீங்கள் என்னைத்தான் நம்பினீர்கள். ஊசி போடும் இடத்துக்கும் எனக்கும் நடுவில் ஒரு துணித் தடுப்புதான். காலை பதினொரு மணி இருக்கும்.

"எனக்கு இந்த ஊசி ஆவாது தம்பி" என்றார் ஆசியா உம்மாள். "போன தடவ போட்டு மூச்சே நின்னு போச்சு. கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சுன்னு அந்தப் புள்ள சொல்லிச்சே."

"சீட்டுல அப்படி ஒண்ணும் இல்லையேம்மா" என்றார் ஜேசுதாசன். ஆனாலும் அவர் அவசரக்காரர் இல்லை. சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டு, துணியை விலக்கி என்னைக் கேட்டார். அவரைச் சுற்றி நர்ஸ்கள் இரண்டு பேரும், வரிசையில் நின்றவர்களும் என்னையே பார்த்தார்கள்.

"சார், இந்த அம்மா என்னவோ சொல்லுதாங்க. பழசுக்கு மாத்துனதுல ஏதும் விட்டுப் போச்சா?"

பெயர் எனக்கு நினைவிருந்தது. தோள்பை என் காலடியில் இருந்தது. ஜிப்பைத் திறந்து தாளை எடுத்தால் போதும். முப்பிடாதியின் கட்டம் இல்லாமல் என் பதிப்பு ஒன்றுக்கும் உதவாது என்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும், அவ்வளவுதான்.

"ஒண்ணும் விட்டுப் போகலை" என்றேன். "போடுங்க."

ஆசியா உம்மாள் என்னைப் பார்த்தார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எண்ணியிருப்பார் போல. முக்காட்டைச் சரி செய்துகொண்டு கையை நீட்டினார். நான் ரிப்பன் மாற்றி முடிப்பதற்குள் எல்லாம் ஆகிவிட்டது.

மூன்று நாளாக அதையே யோசித்துப் பார்க்கிறேன், ஐயா. நான் அடிப்படையில் கெட்டவன் இல்லை. அத்தனை பேர் முன்னால் கேட்காமல், யாராவது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுக் கேட்டிருந்தால் கட்டாயம் உண்மையைச் சொல்லியிருப்பேன்.