நீலம் பூசிய குழாய்க்கிணறு

சனிக்கிழமை மத்தியானம், குட்மேய்ஸில் ரயில் ஏறிய இருவர் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். மூத்தவர் தலையில் சிவப்புத் தொப்பி, இளையவர் கழுத்தில் நீல ஸ்கார்ஃப். இரண்டும் லண்டன் ஃபுட்போல் டீம்களின் நிறங்கள். ஒன்றுக்கொன்று ஆகவே ஆகாது.

"நஞ்சுத் தண்ணிக்குத்தான் சனம் கியூவில நிண்டது, அண்ணை," என்றார் இளையவர். அதற்குப் பிறகு என் புத்தகத்தில் ஒரு வரிகூட நகரவில்லை.

"எங்கை, கென்யாவிலயோ?"

"ஓம். நான் தண்ணித் திட்ட வேலைக்குப் போன ஊரில நிலத்தடித் தண்ணியில ஃபுளோரைட் அதிகம். குடிச்சா பிள்ளையளின்ர பல்லு பழுப்பாகும், எலும்பு வளையும். அதான் அப்பிடியான குழாய்க்கிணறுகளுக்குச் சிவப்புப் பெயின்ற் அடிச்சம். சிவப்பெண்டா ஆபத்து எண்டு எல்லாருக்கும் விளங்கும்தானே?"

"விளங்கேல்லையோ?"

"அந்த ஊர் முழுக்க உங்கட டீமின்ர ரசிகர்மார், அண்ணை! தங்கட நிறத்தில கிணறு வந்திட்டுதெண்டு, நல்ல கிணத்தை விட்டிட்டு எல்லாரும் அங்கை!"

மூத்தவர் தொப்பியைக் கழற்றி முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "பிறகு?"

"பிறகுதான் அவையளையே கேட்டம். ஒரு மனிசி சொன்னா, 'நீலம் அடியுங்கோ, ஒரு நாயும் கிட்டப் போகாது' எண்டு. என்ர கையாலயே அடிச்சனான், அண்ணை. இப்ப சின்னப் பிள்ளையள்கூட அதைத் தொடாதுகள். எல்லாரும் நல்ல தண்ணிதான் குடிக்கினம்."

மூத்தவர் அந்த நீல ஸ்கார்ஃபை அன்பாகத் தடவிக்கொடுத்தார்.

"இந்த வருசம் உன்ர டீம் செய்த ஒரே நல்ல காரியம், தம்பி."