இடது முட்டியில் கத்திய மட்டை

ராத்திரி பதினொன்றரை மணி. சீனாவுல பான்யூ ஊருக்கு வெளிய, லிச்சித் தோப்புக்கும் கால்வாய்க்கும் நடுவுல ஒரு ரோடு. அந்த ரோடு முடியற இடத்துல தங்க நகை ஃபேக்டரி. ரெண்டாவது ஷிஃப்ட் விட்டா கொஞ்ச நேரம் ஆள் நடமாட்டம். அப்புறம்... ஈ காக்கா இருக்காது.

கதவச் சாத்திட்டு கிட்ட வாங்கடி. இது என் அறைத்தோழியோட அண்ணிக்கு நடந்தது. பேரு லான்யிங், ஹுனான்காரி. அந்த ஃபேக்டரி வாசல்ல பொம்பளைங்களச் சோதனை போடற காவல் வேலை. சுழல் கம்பியத் தள்ளிக்கிட்டு ஒவ்வொருத்தியா வெளிய வருவாங்க. வெளிய இவ மெட்டல் டிடெக்டரோட நிப்பா. அதை அங்க எல்லாரும் மட்டைன்னுதான் சொல்வாங்க.

அந்த மட்டைய வேற ஒருத்தரையும் தொட விடமாட்டா. ஷிஃப்ட் முடிஞ்சதும் பேட்டரியக் கழட்டிடுவா, உள்ளயே கிடந்தா கசிஞ்சு அரிச்சிடும்னு. பேட்டரி தொடற முனைய பென்சில் ரப்பரால தேய்ப்பா. ஈரம் ஆகாது, காஞ்ச துணிதான். கைப்பிடியில ஒரு குட்டித் திருகு. தினம் தன்னோட வீட்டுச் சாவிமேல மட்டைய ஓட்டிப் பார்த்து, அந்தத் திருக மயிரிழை திருப்பி வெப்பா.

"இது தப்பாக் கத்தினா ஒருத்தி பொழப்பு போச்சுடி" ம்பா.

மெருகு போடற இடத்துல சூச்சின்ங்கிற பொண்ணு. பைக்குல விழுந்து இடது முட்டி உடைஞ்சு, உள்ள இரும்புத் தகடு வெச்சிருந்தாங்க. தினமும் அந்த முட்டிகிட்ட வந்ததும் மட்டை 'கீ...'ன்னு கத்தும். பேண்ட்ட மடிச்சுத் தழும்பக் காட்டுவா.

"லான்யிங் அக்கா, உங்க மட்டைக்கு என் முட்டி மேல அப்படி என்ன காதல்?"

ரெண்டு பேரும் சிரிப்பாங்க.

ஒரு நாள் தங்கத்தூள் எடை குறைஞ்சுது. மேலாளர் பான், வாசல்ல வந்து நின்னான். சூச்சின் முறை வந்ததும் மட்டை கத்துச்சு. லான்யிங் எவ்வளவோ சொன்னா, கேக்கல. அந்தப் பொண்ணு நீட்டின டாக்டர் சீட்டக் கிழிச்சுப் போட்டான். சூச்சினத் தன் ஆபீஸ் ரூமுக்கு இழுத்துட்டுப் போகச் சொல்லி, ரெண்டு பொம்பளைங்கள விட்டுத் துணிய உரிச்சுத் தேடவெச்சான். கதவுக்கு வெளிய நின்னு, "கையத் தூக்கச் சொல்லு!"ன்னு அவன் கத்தினது வரிசை முழுக்கக் கேட்டுச்சு.

ஒண்ணும் கிடைக்கல. சூச்சின் அழுதுக்கிட்டே ரோட்டுல ஓடினா. எதுத்தாப்புல லாரி...

அவ போய்ச் சேர்ந்த ஒன்பதாம் நாள். கடைசிப் பொண்ணும் போயாச்சு. பேட்டரியக் கழட்டலாம்னு லான்யிங் கையத் தாழ்த்தினா.

கீ...

எதுர யாருமில்ல. மட்டைய மேல கொண்டுபோனா... சத்தமில்ல. வலது பக்கம்... இல்ல. இடது முட்டி உயரத்துல மட்டும்... கீ... கூடவே ஒரு வாசனை. சூடான மெருகு மெழுகு.

ஆனாலும் ஓடல அவ. பேட்டரியக் கழட்டினா, முனையத் தேய்ச்சா, புது பேட்டரி போட்டா, சாவியில பார்த்தா. மட்டை சரியாத்தான் இருந்துச்சு. திரும்ப அதே இடத்துக்குக் கொண்டுபோனா.

கீ...

மறுநாளும் அப்படித்தான். அதுக்கு அடுத்த ராத்திரி, ஷிஃப்ட் விட்டப்புறம், பான் அவளக் கூப்பிட்டான். மேசைமேல ஒரு காகிதம்.

"சூச்சினோட அப்பன் பகலெல்லாம் வாசல்ல உக்காந்திருக்கான். மட்டை ஒரு மாசமாக் கோளாறு, நீ ஒழுங்காப் பராமரிக்கலன்னு இதுல இருக்கு. கையெழுத்துப் போடு."

"போடலன்னா?"

"நாளைக்கு வராத."

லான்யிங் காகிதத்த எடுத்து, நிதானமா முழுசும் படிச்சா. படிச்சுட்டு அவன் பக்கமே தள்ளிவிட்டா.

"என் மட்டை பொய் சொல்லல. இரும்பு இருக்குன்னு சொல்லுச்சு, இரும்பு இருந்துச்சு. திருடின்னு சொன்னது நீ. அவ அப்பா கேட்டா இதத்தான் சொல்லுவேன். நாளைக்குக் காலையில நானே போய்ச் சொல்லுவேன்."

"வெளிய போடீ!"

போனா. சுழல் கம்பியத் தாண்டி வெளிய வந்து, உள்ள போற பக்கம் பூட்டுப் போட்டா. ராத்திரி அதுதான் வழக்கம். பான் பின்பக்கமா கார்ல போயிடுவான். கடைசியா ஒரு தடவ மட்டைய நீட்டினா. இடது முட்டி உயரம்...

கீ...

மெழுகு வாசனை மூக்குல ஏறுச்சு.

"சூச்சின்" னு கூப்பிட்டா. "உன்ன இனிமே எவனும் சோதனை போடமாட்டான். நான் நிக்கற வாசல்ல நடக்காது. எங்க போகணுமோ, போ."

பேட்டரியக் கழட்டினா. ரோட்டுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்னா.

ரோட்டுல இலைகூட அசையல. பின்னாடி...

கடக்.

பூட்டின சுழல் கம்பி தானா ஒரு சுத்து சுத்துச்சு. வெளிய இல்லடி... உள்பக்கமா. ஒரு கால இழுத்து இழுத்து யாரோ நடக்கற சத்தம். அப்புறம் ஆபீஸ் ரூம் கதவு சாத்தற சத்தம்.

ரொம்ப நேரம் கழிச்சு உள்ளயிருந்து பானோட குரல் கேட்டுச்சு. கெஞ்சற குரல்.

"தூக்கிட்டேன்... ரெண்டு கையும் தூக்கிட்டேன்..."