ஆறாவது குழாய்

மழையை அளப்பது சுலபமான வேலை, ஐயா. காலை எட்டரைக்கு மழைமானியைத் திறந்து, சேர்ந்த தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்ற வேண்டும். ஒரு குழாய் நிறைந்தால் இருபது மில்லிமீட்டர். கொட்டிவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும். எத்தனை குழாய் என்று எண்ணுவதுதான் என் உத்தியோகம்.

எங்கள் மலையில் முன்பு காய்கறித் தோட்டங்கள்தான். சுற்றுலாக்காரர்கள் வரத் தொடங்கியதும் சரிவில் நின்ற மரங்களை வெட்டி அறைகள் கட்டினார்கள். என் தங்கையும் நான்கு அறை கட்டினாள். சுவர்களில் விரிசல் கண்ட வருஷம், மண் ஆய்வுக்கு வந்த ஓர் அம்மா விதி போட்டார்: ஆறு குழாய் நிறைந்தால் சாலையை மூடிச் சரிவைக் காலி செய்ய வேண்டும்.

நல்ல விதிதான். ஆனால் அந்த சீசனில் ஒன்பது தடவை சாலையை மூடினோம். மலை இம்மியும் அசையவில்லை. அறைகள் வெறிச்சோடிக் கிடந்தன. வேன் ஓட்டும் தங்கை புருஷன் என்னைத் தேடி வந்தார்.

"மழை பெய்யறது உங்க கையில இல்ல மச்சான். எண்ணுறது உங்க கையிலதானே?"

அவர் சொன்னதில் பிழையில்லை. அதன்பிறகு, ஆறாவது குழாயை எண்ணாமல் கொட்டினேன். சாலை திறந்திருந்தது. எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்தது. மூன்று சீசன் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

நீங்கள் விசாரிக்கும் அந்த நாள் காலையில் குழாய் பதினொரு முறை நிறைந்தது. நூறு மில்லிமீட்டர் என்று எழுதினேன். பிறகு தங்கைக்குப் போன் செய்தேன்.

"பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு இப்பவே நம்ம வீட்டுக்கு வா."

"ஏண்ணே, மலை ஏதும்...? பக்கத்து வீட்டுல பச்சைப் பிள்ளைக்காரி இருக்கா. சொல்லிட்டு வரட்டுமா?"

"மலைக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் நெஞ்சு வலிக்குது. சீக்கிரம் வா."

வலி எதுவும் இல்லை. ஒருத்தருக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். அவள் போட்டது போட்டபடி ஓடி வந்தாள். பதினொரு மணிக்குச் சரிவு இறங்கியது. நாற்பத்தொரு பேர் என்கிறீர்கள். பன்னிரண்டு நாள் குழந்தையையும் சேர்த்துத்தானே?

உள்ளதை எழுதியிருந்தால் பிழைத்திருப்பார்களா என்று கேட்கிறீர்கள். பிழைத்திருப்பார்கள். இரண்டரை மணி நேரம் இருந்தது. ஆனால் அது விடுமுறை வாரம், ஐயா. அத்தனை அறையும் நிறைந்திருந்த நாளில் ஊரைக் காலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

தங்கை இப்போது என் முகத்தில் விழிப்பதில்லை. பேசாமல் இருப்பதற்கும் உயிர் வேண்டும் அல்லவா? அதைக் கொடுத்தது யார் என்று அவளிடம் கேளுங்கள்.